மணிலாவுக்கு மூன்று ஸ்டேஷன்

சிங்கப்பூரிலும் துபாயிலும் நம்மவர்கள் புழங்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே கிடைக்கிறது பிலிப்பைன்ஸ் சாப்பாடு. நல்ல கடையை எப்படிக் கண்டுபிடிப்பது? இத்தனை காலம் அது நம் கண்ணில் படாமல் போனது ஏன்?

ஞாயிற்றுக்கிழமை, முற்பகல் பதினொன்றரை மணி. சிங்கப்பூர் ஆர்ச்சர்ட் சாலையின் லக்கி பிளாசா. எஸ்கலேட்டரில் கால் வைக்க இடமில்லை. பணம் அனுப்பும் கடைகளுக்கு முன்னால் வரிசை வளைந்து வளைந்து நிற்கிறது. ஒரு மூலையில் இடுப்பளவு உயர அட்டைப்பெட்டிக்குள் சோப்பு, சாக்லேட், பற்பசை, குழந்தைச் செருப்பு என்று திணித்து, மூடியின் மேல் ஒருவர் ஏறி உட்கார, இன்னொருவர் டேப் ஒட்டுகிறார். பெட்டி கப்பலேறி ஊருக்குப் போகும். இத்தனைக்கும் மேலே பூண்டு பொரியும் வாசனையும் வினிகரின் காரமும் மிதந்து வருகின்றன.

வாசனையைப் பிடித்துக்கொண்டு போனால் சின்னச் சின்னச் சாப்பாட்டுக் கடைகள். கண்ணாடிக்குப் பின்னால் பத்துப் பதினைந்து தட்டுகளில் குழம்பும் வறுவலும். விரலை நீட்டிக் காட்டினால் போதும், சோற்றின் மேல் வைத்து நீட்டுகிறார்கள். மேசை காலியாகக் காத்து நிற்பவர்களில் பெரும்பாலோர் வீட்டுப் பணிப்பெண்கள். ஆறு நாள் பிறர் வீட்டில், பிறர் நாக்குக்குச் சமைத்தவர்கள். இன்றைக்கு இன்னொருவர் சமைத்ததைத் தங்கள் நாக்குக்காகச் சாப்பிட வந்திருக்கிறார்கள்.

இதே நேரத்தில் லிட்டில் இந்தியாவின் தேக்காவில் நம் கூட்டம். விருத்தாசலம் ஜங்ஷனில் ரயிலேறி, திருச்சியில் விமானம் பிடித்துப் போனவர்களும் அதில் உண்டு. பிரியாணிப் பொட்டலத்தோடு திடலில் உட்கார்ந்து, ஊருக்கு வீடியோ கால் போட்டுக்கொண்டிருப்பார்கள். லிட்டில் இந்தியாவில் எம்ஆர்டி ரயில் ஏறினால் டோபி காட், சோமர்செட், அடுத்தது ஆர்ச்சர்ட். நடுவில் ஒருமுறை வண்டி மாற வேண்டும். மொத்தம் மூன்று ஸ்டேஷன். இருபது வருடம் சிங்கப்பூரில் வேலை பார்த்துவிட்டு, அந்த மூன்று ஸ்டேஷனைத் தாண்டி ஒரு தட்டு பிலிப்பைன்ஸ் சோறு சாப்பிடாமலே ஊர் திரும்பியவர்கள் ஏராளம்.

இப்போது இந்தப் பேச்சு எழுந்திருப்பதற்குக் காரணம் உண்டு. 2025 ஜூனிலிருந்து இந்தியர்கள் 14 நாள் வரை விசா இல்லாமல் பிலிப்பைன்ஸ் போகலாம். அதே ஆண்டு அக்டோபரில் டெல்லி – மணிலா நேரடி விமானத்தை ஏர் இந்தியா தொடங்கியது. அந்த மாதக் கடைசியில், உணவகங்களுக்கு நட்சத்திரம் தரும் மிச்சலின் கையேடு தன் முதல் பிலிப்பைன்ஸ் பட்டியலை அறிவித்தது. அமெரிக்காவின் சிகாகோவில் உள்ள ‘கசாமா’ 2022-லேயே மிச்சலின் நட்சத்திரம் வாங்கிவிட்டது; பிலிப்பைன்ஸ் உணவகம் ஒன்றுக்குக் கிடைத்த முதல் நட்சத்திரம் அதுதான். நட்சத்திரக் கடைகளுக்குப் போகிறவர்கள் போகட்டும். முதன்முதலாக ருசி பார்க்க அவை ஏற்ற இடமில்லை.

விடுமுறை நாளில் வேகும் சோறு

சீனச் சாப்பாடும் தாய்லாந்துச் சாப்பாடும் உலகம் சுற்றிவிட்டன. லட்சக்கணக்கில் வெளிநாடுகளில் வாழும் பிலிப்பினோக்களின் சாப்பாடு மட்டும் ஏன் பின்தங்கியது? அவர்கள் போன விதத்தில் இருக்கிறது பதில். சீனர்களில் பலர் போன இடத்தில் கடை வைத்தார்கள். பிலிப்பினோக்களை அவர்களுடைய அரசே 1974-ன் தொழிலாளர் சட்டம் முதல் திட்டமிட்டு வேலைக்கு அனுப்பியது. செவிலியர், கப்பல் பணியாளர், வீட்டுப் பணிப்பெண் என்று போனவர்களுக்குத் தங்கும் இடம் அடுத்தவருடையது, அடுப்பும் அடுத்தவருடையது. 2024-ல் மட்டும் அவர்கள் ஊருக்கு அனுப்பிய பணம் 3,800 கோடி டாலருக்கு மேல். சம்பளம் ஊருக்குப் போய்விடுகிறது. கடை போட முதல் ஏது?

ஆகவே அவர்களுடைய உணவகம் விடுமுறை நாளை நம்பிப் பிழைக்கிறது. சிங்கப்பூரில் பணிப்பெண்களுக்கு வாரம் ஒரு நாள் ஓய்வு என்ற விதி 2013 ஜனவரியில்தான் வந்தது. அதிலும் ஓய்வுக்குப் பதில் காசு கொடுத்து வேலை வாங்கிக்கொள்ள வழி இருந்தது. மாதத்தில் ஒரு நாளையாவது காசாக மாற்றாமல் கொடுத்தே ஆக வேண்டும் என்ற விதி 2023-ல் வந்தது. பிலிப்பைன்ஸின் மிகப் பெரிய துரித உணவு நிறுவனமான ஜாலிபி, சிங்கப்பூரில் தன் முதல் கடையைத் திறந்த ஆண்டும் 2013. திறந்த இடமும் லக்கி பிளாசா. 1975-ல் ஐஸ்கிரீம் கடையாகப் பிறந்த நிறுவனத்துக்குத் தன் வாடிக்கையாளர் எந்தக் கிழமை எங்கே இருப்பார் என்று சொல்லித்தர வேண்டியதில்லை.

ஞாயிறு என்பது தேக்காக் கூட்டத்துக்கும் லக்கி பிளாசாக் கூட்டத்துக்கும் சொத்து. அதற்கு அடி விழுந்ததும் உண்டு. 2013 டிசம்பர் 8, ஞாயிறு: லிட்டில் இந்தியாவில் பேருந்து மோதித் தமிழ்நாட்டுத் தொழிலாளி ஒருவர் இறக்க, கலவரம் மூண்டது. மது விற்பனைக்குக் கட்டுப்பாடு, கூடுதல் காவல் என்று தேக்காவின் ஞாயிறு மாறிப்போனது. 2019 டிசம்பர் 29, அதுவும் ஞாயிறு: லக்கி பிளாசா அருகே கார் ஒன்று பாய்ந்து இரண்டு பிலிப்பினோப் பணிப்பெண்கள் இறந்தார்கள். ஓய்வு நாளில் உட்கார இடம் தேடி நடைபாதைக்கு வருகிறவர்களின் கதை இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

இன்னொரு விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். சிங்கப்பூரில் எத்தனையோ தமிழ் வீடுகளில் சாம்பார் வைப்பது பிலிப்பினோப் பெண்தான். பெருங்காயம் எப்போது போடுவது, ரசத்தை எப்போது இறக்குவது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. ஞாயிற்றுக்கிழமை அவர் வெளியே போய் என்ன சாப்பிடுகிறார் என்று அந்த வீட்டில் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் தெரியாது.

புளியில் தெரிந்துவிடும்

சரி, நல்ல கடையைக் கண்டுபிடிப்பது எப்படி? முதல் வழி, அவர்கள் கூடும் இடத்தில் கூட்டத்தைப் பார்ப்பது. கூட்டம் மட்டும் போதாது. வயதான பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்களா என்று பாருங்கள். இளசுகள் விலைக்காக வருவார்கள். ஐம்பது வயதுக்காரர், கிடைக்கிற ஒரே ஓய்வு நாளை மட்டமான சாப்பாட்டில் வீணாக்க மாட்டார்.

இரண்டாவது வழி தமிழனுக்கென்றே அமைந்தது: சினிகாங் கேளுங்கள். புளியில் வேகவைத்த தெளிந்த சாறு. அதில் முள்ளங்கி, கத்திரிக்காய், காராமணி, வெண்டைக்காய், ஒரு கீரை, ஒரு முழுப் பச்சை மிளகாய். கூடவே இறாலோ மீனோ பன்றிக்கறியோ. தாளிப்பு கிடையாது, மஞ்சள் கிடையாது, பொடி கிடையாது. புளியங்காயை வேகவைத்துப் பிசைந்து ஊற்றுவதுதான் பழைய முறை. இப்போது பாக்கெட் பொடி வந்துவிட்டது; அவசரக் கடைகள் அதைக் கரைத்து ஊற்றுகின்றன. பாக்கெட் புளிப்பு நாக்கின் நுனியில் சுள்ளென்று ஏறி உடனே இறங்கிவிடும். பிறகு உப்பு மட்டும் நிற்கும். நிஜப் புளி மெதுவாக வந்து தாடையோரம் தங்கும். இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க ரசம் குடித்து வளர்ந்தவருக்கு வழிகாட்டி வேண்டாம். சினிகாங் சரியாக இருந்தால் அந்தக் கடையில் மற்றவற்றையும் நம்பலாம் என்பது என் கணக்கு. இதுவரை பெரிதாகத் தப்பவில்லை.

மூன்றாவது, மேசையில் என்ன வைத்திருக்கிறார்கள் என்று கவனியுங்கள். வினிகர், சோயா, பச்சை மிளகாய், கலமான்சி என்ற குட்டி எலுமிச்சை. பிலிப்பைன்ஸில் சமையல்காரர் பாதி சமைப்பார். மீதியைச் சாப்பிடுகிறவர் தன் கிண்ணத்தில் தொட்டுக்கை கலந்து முடித்துக்கொள்வார். அதெல்லாம் இல்லாமல் வெறும் தக்காளி சாஸ் பாட்டில் நின்றால், கடை வேறு யாருக்கோ சமைக்கிறது என்று பொருள்.

நேரமும் முக்கியம். பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில் போய்விடுங்கள். மூன்று மணிக்குப் போனால் சூட்டுத் தட்டில் வற்றிக் கிடப்பதைத்தான் சாப்பிட்டுவிட்டு, ‘இவ்வளவுதானா?’ என்று எழுந்து வரவேண்டியிருக்கும்.

‘காரமே இல்லையே’ என்பது நம்மவர்களின் வழக்கமான குறை. நியாயம்தான். ஆனால் பிக்கோல் என்று ஒரு வட்டாரம் இருக்கிறது. அங்கே தேங்காய்ப்பாலும் மிளகாயும் இல்லாமல் அடுப்பு எரியாது. ‘பிக்கோல் எக்ஸ்பிரஸ்’ என்ற பெயரில் பன்றிக்கறியைத் தேங்காய்ப்பாலிலும் பச்சை மிளகாயிலும் வற்றவைப்பார்கள். ‘லாயிங்’ என்பது சேப்பங்கிழங்கு இலையைத் தேங்காய்ப்பாலில் குழைய வேகவிட்டது. கடைக்காரர் பிக்கோல்காரர் என்று தெரிந்தால் தைரியமாக உட்காரலாம்.

┃ பெட்டி 1: கண்ணாடிக்குப் பின்னால்
┃ அடோபோ: கோழி அல்லது பன்றிக்கறி; வினிகர், சோயா, பூண்டு, மிளகு, பிரிஞ்சி இலை. மறுநாள் இன்னும் ருசி.
┃ தினோலா: இஞ்சி போட்ட கோழிச் சாறு. பச்சைப் பப்பாளியும் முருங்கைக்கீரையும் சேரும். புதிதாகச் சாப்பிடுகிறவர்களுக்கு ஏற்ற முதல் கிண்ணம்.
┃ பினாக்பெட்: பாகற்காய், கத்திரி, வெண்டை, பூசணி சேர்ந்த கூட்டு. ஊறிய இறால் விழுது கட்டாயம் இருக்கும்.
┃ கினிலாவ்: அடுப்பேறாத மீன், வினிகரில் ஊறியது. நம்பிக்கையான கடையில் மட்டும்.
┃ சிசிக்: பன்றித் தலைக்கறியைப் பொடியாக நறுக்கிச் சூட்டுக்கல்லில் புரட்டியது.
┃ துயோ: கருவாடு. பூண்டுச் சோறு, முட்டையோடு காலைச் சாப்பாடு.
┃ ஹாலோ-ஹாலோ: சீவிய ஐஸ், பால், பயறு, பலா, ஊதாக் கிழங்கு எல்லாம் ஒரே கோப்பையில்.

சைவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: ‘காய்கறிதான்’ என்று கடைக்காரர் சொல்வதை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். அவர் பொய் சொல்லவில்லை. இறால் விழுதும் மீன் சாறும் அவருக்கு உப்பின் கணக்கு. பச்சைப்பயறுக் குழம்பு கேட்டால்கூடப் பன்றித்தோல் வறுவலோ கருவாடோ மேலே விழ வாய்ப்புண்டு. வாழைப்பழத்தை மெல்லிய மாவுத்தாளில் சுற்றிச் சர்க்கரையோடு பொரித்த துரோன், மூங்கில் குழாயில் ஆவியில் வெந்து தேங்காய்த்துருவலோடு வரும் ஊதா நிற அரிசிப் பலகாரம் (கிறிஸ்துமஸ் சமயத்தில் விசேஷம்), இவை போன்ற இனிப்புகளோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

பன்றிக்கறி வேண்டாம் என்பவர்களுக்கு சிங்கப்பூரைவிட வளைகுடா வசதி. துபாயில் சத்வாவும் கராமாவும் பிலிப்பினோக்கள் நிறைந்த பகுதிகள். கராமாவில் நம் இட்லிக் கடைக்கும் அவர்கள் கடைக்கும் நடுவில் நடந்தே கடக்கிற தூரம்தான். அங்கே பெரும்பாலும் கோழி, மாடு, மீன் என்றே சமைக்கிறார்கள். எலுமிச்சம்புல்லும் வினிகரும் ஊறிய ‘இனாசால்’ கோழியைக் கரியில் வாட்டித் தருவார்கள். சில கடைகளில் வாழையிலையைப் பரப்பிச் சோற்றைக் குவித்து, சுற்றி உட்கார்ந்து கையால் சாப்பிடும் விருந்தும் உண்டு. நம்மவர்கள் அங்கே போனால் ஸ்பூன் பிடிக்கத் தெரியவில்லையே என்று கூச வேண்டியதில்லை.

மணிலாக் கொட்டையும் வாழைப்பூவும்

விருத்தாசலத்துக்காரர்கள் கட்டாயம் கேட்டு வாங்க வேண்டியது கரே-கரே. மாட்டு வாலை மணிக்கணக்கில் வேகவைத்து, அரைத்த நிலக்கடலையும் வறுத்து இடித்த அரிசியும் சேர்த்துக் கெட்டியாக்கிய குழம்பு. உள்ளே வாழைப்பூ, கத்திரிக்காய், காராமணி. குழம்பில் உப்பு குறைவாகத்தான் இருக்கும். ஓரத்தில் வைத்த இறால் விழுதைத் தொட்டுத் தொட்டுச் சாப்பிட வேண்டும். அது தெரியாமல் ‘சப்பென்று இருக்கிறது’ என்று ஒதுக்கியவர்கள் பலர்.

நம் விருத்தாசலம் வேளாண் கமிட்டிக்கு மூட்டை மூட்டையாக வந்து இறங்கும் பயிருக்கு இந்த வட்டாரத்தில் பெயரே ‘மணிலா’. கிராமத்துப் பேச்சில் ‘மல்லாட்டை’. தென் அமெரிக்காவில் பிறந்த கடலை, ஸ்பெயின்காரர்களின் கப்பலில் பசிபிக்கைக் கடந்து மணிலாவுக்கு வந்து, அங்கிருந்து நம் கரையைத் தொட்டது என்பார்கள். விருத்தாசலம் மண்டல ஆராய்ச்சி நிலையம் வி.ஆர்.ஐ. என்ற முன்னெழுத்தோடு வெளியிட்ட ரகங்களைத் தென்னாற்காட்டு விவசாயிகளுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அப்படிப்பட்ட கடலையை நாம் சட்னியாகவும் எண்ணெயாகவும் மிட்டாயாகவும் தின்கிறோம். மணிலாக்காரர்கள் அதிலேயே குழம்பு வைக்கிறார்கள்.

அந்தக் குழம்பைக் கற்றுக்கொடுத்ததே சென்னையிலிருந்து போன சிப்பாய்கள்தான் என்றொரு கதை மணிலாவுக்குக் கிழக்கே கேய்ந்தா நகரத்தில் உலவுகிறது. சமையல் குறிப்புக்கு ஆவணச் சான்று ஏதும் இல்லை. பம்பாங்கா வட்டாரத்தாரும் கரே-கரே தங்களுடையது என்கிறார்கள். ஆனால் சிப்பாய்கள் போனதும், பலர் திரும்பாமல் தங்கியதும் வரலாறு.

┃ பெட்டி 2: 1762, சென்னை டு மணிலா
┃ ஸ்பெயினோடு போர் மூண்டதும், அதன் வசமிருந்த மணிலா மீது பிரிட்டிஷ் அரசும் கிழக்கிந்தியக் கம்பெனியும் சென்னையிலிருந்து படையெடுத்தன. தளபதி வில்லியம் டிரேப்பர், கடற்படைக்கு சாமுவேல் கார்னிஷ். கூடவே சில நூறு இந்தியச் சிப்பாய்கள்.
┃ செப்டம்பர் 23-ல் மணிலா விரிகுடா. அக்டோபர் 6-ல் நகரம் சரண். சென்னை கவுன்சிலைச் சேர்ந்த டாசன் டிரேக் மணிலாவின் கவர்னர் ஆனார்.
┃ 1764-ல் ஆங்கிலேயர் வெளியேறினர். படையிலிருந்து நழுவிய சிப்பாய்கள் கேய்ந்தா, தாய்தாய் பகுதிகளில் மணமுடித்துத் தங்கினர்.
┃ படையை அனுப்பிய சென்னை கவர்னர் ஜார்ஜ் பிகாட். அவரும் ராபர்ட் கிளைவும் 1751-ல் திருச்சிக்குப் போன படையோடு விருத்தாசலம் வரை வந்து திரும்புகையில், வழியில் தாக்கப்பட்டுக் குதிரை வேகத்தில் உயிர் தப்பினார்கள்.

அந்தச் சிப்பாய்கள் எல்லோரும் தமிழர்கள் என்று மார்தட்ட வேண்டாம். சென்னைப் படையில் பல மொழிக்காரர்கள் இருந்தார்கள். வேற்றூரில் மாட்டிக்கொண்டவர்கள் கையில் கிடைத்ததைக் கொண்டு ஊர்க் குழம்பை வைக்கப் பார்த்திருப்பார்கள் என்று ஊகிக்கலாம். அதற்கு மேல் போனால் வாட்ஸ்அப் வரலாறாகிவிடும்.

பீங்கான் ஊரான விருத்தாசலத்துக்காரர்கள் இன்னொன்றையும் கவனிக்கலாம். பிலிப்பைன்ஸின் வடக்கே விகன் நகரில் ‘புர்னாய்’ என்ற கருத்த ஜாடிகளைச் செய்கிறார்கள். 1999-ல் யுனெஸ்கோ பாரம்பரிய நகரமாக அறிவித்த ஊர் அது. கரும்புச்சாறு வினிகரும் உப்பில் ஊறும் மீனும் அந்த ஜாடிக்குள்தான் மாதக்கணக்கில் முதிர்கின்றன. புளிப்பும் உப்பும் இரும்பைத் தின்றுவிடும், சாதா மண்பானையில் கசிந்துவிடும். அதிகச் சூட்டில் சுட்ட ஜாடி மட்டுமே தாங்கும். மாவடு ஊறப்போடும் பாட்டிகளுக்கு இது தெரியும்.

சென்னையில் ஏன் பிலிப்பைன்ஸ் கடைகள் வரிசையாக இல்லை?

சென்னையில் அத்தோ என்ற பர்மா நூடுல்ஸ் கிடைக்கிறது. 1960-களில் பர்மாவிலிருந்து விரட்டப்பட்ட தமிழர்கள் பாரிமுனைப் பக்கம் கடை போட்டுப் பிழைத்ததால் கிடைக்கிறது. கொரியச் சாப்பாடு கிடைக்கிறது. ஹூண்டாய் தொழிற்சாலை வந்ததும் கொரியக் குடும்பங்கள் வந்தன, பின்னாலேயே கொரிய உணவகங்கள் வந்தன. சாப்பாடு தனியாகப் பயணம் செய்வதில்லை, ஆட்களோடுதான் வருகிறது. பிலிப்பினோக்கள் பெருங்கூட்டமாகத் தமிழ்நாட்டில் குடியேறியதில்லை. நாமும் அவர்களும் சந்திப்பதெல்லாம் மூன்றாம் நாட்டு மண்ணில், அல்லது கடலில்.

கடலில் என்பது சும்மா சொன்னதில்லை. உலகச் சரக்குக் கப்பல்களில் பிலிப்பினோக்கள் இல்லாத கப்பல் அபூர்வம். இந்தியர்களும் அந்தப் பட்டியலில் முன்வரிசையில் இருக்கிறார்கள். கப்பல் சமையலறையில் நிற்பவர் பல சமயம் பிலிப்பினோ. மாதக்கணக்கில் அடோபோ தின்ற தமிழ் மாலுமிகளிடம் கேட்டால், எந்த உணவு வலைப்பதிவரைவிடவும் நுணுக்கமாகப் பேசுவார்கள்.

இன்னொரு கூட்டம் மருத்துவ மாணவர்கள். பிலிப்பைன்ஸின் தாவோ, மணிலா கல்லூரிகளுக்குத் தமிழ்நாட்டிலிருந்து ஆண்டுதோறும் பிள்ளைகள் போய்க்கொண்டிருந்தார்கள். வெளிநாட்டுப் படிப்புக்குக் குறைந்தது 54 மாதம் வேண்டும் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2021 நவம்பரில் விதி போட்டதும் பிலிப்பைன்ஸின் நான்காண்டு எம்.டி. அதில் சிக்கியது, அந்தப் பாதை பலருக்கு அடைபட்டது. போனவர்களிலும் நிறையப் பேர் அங்கே இந்திய மெஸ்ஸிலேயே காலத்தை ஓட்டியவர்கள். தென்னந்தோப்பும் மீனும் அரிசியும் நிறைந்த நாட்டில் ஐந்து வருடம் இருந்துவிட்டு, சுமாரான சாம்பாரை மட்டும் சாப்பிட்டுத் திரும்புவது எனக்குப் பெரிய நஷ்டமாகப் படுகிறது. வேறு சிலர் கடலை அரைத்த குழம்பையும் கலமான்சியையும் இன்னும் தேடுகிறார்கள்.

அவர்களுக்கும், சிங்கப்பூர் போகாமலே ருசி பார்க்க நினைப்பவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. இறால் சினிகாங்குக்கு வேண்டிய எல்லாமே நம் மார்க்கெட்டில் கிடைக்கும். இரண்டாம் தடவை அரிசி களைந்த தண்ணீரைக் கொதிக்கவிட்டு வெங்காயம், தக்காளி போடுங்கள். முள்ளங்கி முதலில், அது பாதி வெந்ததும் காராமணி, கத்திரி, வெண்டை. பச்சைப் புளியங்காய் கிடைத்தால் தனியே வேகவைத்து மசித்து வடிகட்டி ஊற்றுங்கள். இல்லாவிட்டால் பழம்புளியைக் கொஞ்சமாகக் கரைத்து ஊற்றலாம், நிறம் மட்டும் கருக்கும். பரங்கிப்பேட்டை இறாலைத் தலையோடு கடைசியில் போட்டு, சிவந்ததும் ஒரு கைப்பிடி கீரையும் கீறாத பச்சை மிளகாயும் சேர்த்து இறக்கிவிடுங்கள். மீன் சாறு இல்லையென்றால் கல்லுப்பு போதும். கை தானாகவே கடுகு டப்பாவைத் தேடும். விடாதீர்கள், தாளித்தால் அது வேறு குழம்பு.